ஆஸ்திரேலியக் கிராமங்களில் உள்ள சிறிய போர் நினைவுச் சின்னத்துக்கு அப்படி என்ன பாரம்பரிய மதிப்பு?

சிலையின் அழகை வைத்து எடை போடாதீர்கள். பல ஊர்களில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிச் சிப்பாய் சிலைதான். மதிப்பு கீழே செதுக்கிய பெயர்களில் இருக்கிறது. முதல் உலகப் போரில் சுமார் 60,000 ஆஸ்திரேலியர்கள் இறந்தார்கள். அன்றைய மக்கள்தொகையோ 50 லட்சம்கூட இல்லை. உடல்கள் ஊருக்கு வரவில்லை. போர் நடந்த துருக்கியின் கலிப்பொலியிலும் பிரான்சிலும் அடக்கம் செய்தார்கள். பலருக்குத் தனிக் கல்லறையே கிடையாது. ஆக, ஊரார் காசு சேர்த்து எழுப்பிய இந்தக் கல்தான் பெற்றவர்களுக்குப் பிள்ளையின் சமாதி.

அப்புறம், அந்தப் போரில் ஆஸ்திரேலியப் படையில் போரிட்டவர்கள் தாமாக முன்வந்தவர்கள். கட்டாய ராணுவச் சேவையை 1916, 1917 வாக்கெடுப்புகளில் மக்கள் நிராகரித்தார்கள். அதனால் உயிரோடு திரும்பியவர்களின் பெயரும் பல சின்னங்களில் உண்டு. பழுது பார்க்கும்போது பெயர்ப் பலகையை மட்டும் பெயர்த்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோவது தவறு என்பதே என் உறுதியான கருத்து.