பெர்லினில் மீண்டும் எழுந்த சுவர்: கேள்வி பதில்

கே: ‘பிங்க் ஃபிளாய்ட் தி வால்’ இப்போதுதான் பார்த்தேன். அது போர்ப் படமா, பாட்டுப் படமா?

இரண்டும்தான். ஆலன் பார்க்கர் இயக்கி 1982இல் வந்தது. கதை எழுதியவர், பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ரோஜர் வாட்டர்ஸ். அவருடைய அப்பா, மகனுக்கு ஆறு மாதம்கூட நிரம்பாதபோது 1944இல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் இறந்தார். அந்த வெற்றிடத்தில் பிறந்த படம். கேலிச்சித்திரக்காரர் ஜெரால்ட் ஸ்கார்ஃப் வரைந்த சுத்தியல்கள் அணிவகுத்து நடக்கும் காட்சி ஒன்று போதும், பாசிசம் என்றால் என்னவென்று புரிய.

கே: அண்ணா, ‘தி வால்’ பாட்டுகளை வாட்டர்ஸ் பெர்லினில் மேடையேற்றிய கச்சேரி, நகரைப் பிரித்த பெர்லின் சுவர் இடிந்த அன்றா நடந்தது?

இல்லை தம்பி, நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. கச்சேரி 1990 ஜூலை 21. கிழக்கு ஜெர்மனி என்ற நாடு அப்போதும் இருந்தது! இடம் போட்ஸ்டாமர் பிளாட்ஸ். முந்தைய வருடம்வரை காவல் கோபுரங்களின் பார்வையில் ஆளில்லாமல் கிடந்த பொட்டல். மேடை போடுமுன் வெடிகுண்டு கிடக்கிறதா என்று தரையைச் சோதிக்க வேண்டியிருந்தது. 170 மீட்டர் நீளம், 25 மீட்டர் உயரத்துக்கு ஒரு பொய்ச்சுவரைப் பாட்டுகளுக்கு நடுவே கட்டிக்கொண்டே போய், கடைசியில் சரித்தார்கள். கூட்டம் 3 லட்சத்துக்கும் மேல்.

கிழக்கு பெர்லின் வானொலியின் ஆர்கெஸ்ட்ராவும் (வயலின் முதலான கருவிகள் சேர்ந்த பெரிய இசைக்குழு) பாடகர் குழுவும் பங்கேற்றது பெரிய விஷயம். ஆனால் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது வேறிடத்தில். போருக்குப் போன பையன்களை வீட்டுக்குக் கூட்டி வாருங்கள் என்ற பாட்டுக்கு வாசித்தது சோவியத் ராணுவ பேண்டு. சோவியத் படையினரில் கடைசி ஆள் ஜெர்மனியை விட்டு வீடு திரும்பவே 1994 ஆகிவிட்டது.

கே: வீடியோவில் இருப்பது முழுக்க நேரலையா?

முழுக்க இல்லை. ஆரம்பத்தில் மின்சாரம் படுத்துவிட்டது. அயர்லாந்துப் பாடகி சினேட் ஓ’கானர் பாடும் ‘மதர்’ பாட்டு ஒத்திகையில் எடுத்தது.

கே: அவ்வளவு கிட்டார் சத்தத்தில் வயலின் எப்படிக் கேட்கிறது?

பொதுவாக வயலின் உடம்பிலேயே குட்டி மைக்கைப் பொருத்திவிடுவார்கள். தள்ளி வைத்தால் டிரம்ஸ் சத்தம்தான் உள்ளே புகும். அதைவிடப் பெரிய தலைவலி தாளம். ராக் குழு டிரம்மரோடு போகும். ஆர்கெஸ்ட்ராவோ, கோலசைத்து அதை வழிநடத்துபவரின் கோல் இறங்கிய பிறகு ஒரு மூச்சு தாமதித்துத்தான் ஒலிக்கும். இரண்டையும் சேர்க்க, வாசிப்பவர்களின் காதில் தாளம் சொல்லும் ‘கிளிக்’ ஒலியை ஓட விடுவார்கள்.

கே: இதே மாதிரி இன்னொன்று?

மெட்டாலிகா என்ற அமெரிக்க ராக் குழு, சான் பிரான்சிஸ்கோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு 1999 ஏப்ரலில் பெர்க்லியில் வாசித்தது. பெர்லினில் ஆர்கெஸ்ட்ராவை வழிநடத்திய மைக்கேல் கேமன்தான் இங்கேயும். அதில் ‘ஒன்’ என்ற பாட்டைக் கேளுங்கள். அப்புறம் டால்டன் ட்ரம்போ இயக்கிய ‘ஜானி காட் ஹிஸ் கன்’ என்ற போர் எதிர்ப்புப் படத்தைப் பாருங்கள். அந்தப் பாட்டின் வீடியோவில் வருவது அதன் காட்சிகள்தான். ராத்திரி தனியாக உட்கார்ந்து மட்டும் பார்க்காதீர்கள்.