வாசகர் கேள்வி பதில்: கடைக்கும் கணக்கறைக்கும் வரும் செயற்கை நுண்ணறிவு

கேள்வி: சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் கேட்டரிங் நடத்துகிறோம். வாட்ஸ்அப்பில் தமிழ், ஆங்கிலம், இரண்டும் கலந்தது என்று நாள் முழுக்க விசாரணை வருகிறது. தானாகப் பதில் எழுதும் ஏஐ சாட்பாட் (சுருக்கமாக, பாட்) போட்டால் ஓர் ஆளின் வேலை மிச்சம் என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?

ஒரு மாதம் கழித்து நீங்களே முடிவு செய்யுங்கள். அதுவரை பாட் பதிலை எழுதட்டும். அனுப்பும் பொத்தானை உங்கள் ஆள் அழுத்தட்டும்.

முதலில், கடந்த மூன்று மாத விசாரணைகளில் 200 எடுத்து வகை பிரியுங்கள். விலை, குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, டெலிவரி நேரம், சைவ மெனு என்று நாலைந்து வகைக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும். அவற்றுக்கான பதில்களை ஒரே தாளில் எழுதி, அந்தத் தாளில் இருப்பதை மட்டுமே சொல்லும்படி பாட்டைக் கட்டச் சொல்லுங்கள். பிறகு 50 சோதனைக் கேள்விகள் போடுங்கள். அவற்றில் குறைந்தது பத்துக் கேள்விகள், தாளில் பதிலே இல்லாதவையாக இருக்கட்டும். "கடையிலிருந்து அழைப்பார்கள்" என்று சொல்வதுதான் அங்கே சரியான பதில். பாட் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். தெரியாததையும் தெரிந்ததுபோல் சரளமாக எழுதிவிடும். ஆட்டிறைச்சி ஹலால் கடையில் வாங்கியது என்று தாளில் ஒரு வரி இருந்தால், முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழ் இல்லாத சமையலறையைப் பற்றியும் "எங்கள் உணவு ஹலால்" என்று சொல்லக்கூடும். இந்த ஒரு கேள்வியைப் பாட்டிடம் விடவே கூடாது.

நம்மவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவது இன்னொரு சிக்கல். "50 பேர்" என்று அப்படித் தட்டினால் "ஒன்றுக்கு" என்று பொருள்படும் ஆங்கிலத்தின் "பெர்" (per) போலவே தெரியும். ஐம்பது ஆளுக்கா, ஆளுக்கு ஐம்பது வெள்ளியா என்று இயந்திரம் குழம்பும். "நாளன்னைக்கு" என்றால் ஒரு நாள் தவறிப்போகலாம். அதனால் ஒவ்வொரு ஆர்டரிலும் தேதி, கிழமை, ஆள் எண்ணிக்கை மூன்றையும் பாட் திருப்பிச் சொல்லி, வாடிக்கையாளரின் "சரி"யை வாங்க வேண்டும். தமிழ் எழுத்தில் வரும் செய்தியை இந்த மென்பொருள்கள் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைத்துப் படிக்கின்றன. துண்டுக்கு, அதாவது டோக்கனுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்தால் பில் ஏறும். செய்திக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள்.

பாட் சொன்ன தவறு கடையின் தவறுதான். ஏர் கனடா விமான நிறுவனத்தின் வழக்கு இதற்கு நல்ல பாடம். பாட்டி இறந்ததால் பயணம் செய்தவரிடம், துக்கச் சலுகைக் கட்டணத்தைப் பயணத்துக்குப் பின்னும் கேட்டுப் பெறலாம் என்று அதன் பாட் தவறாகச் சொன்னது. பாட் செய்ததற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்ற நிறுவனத்தின் வாதத்தை கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் தள்ளி, இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

மாத முடிவில், விலை அல்லது தேதியை நூற்றுக்கு ஐந்து முறைக்கு மேல் திருத்த வேண்டியிருந்தால் பாட்டைத் தனியே விடாதீர்கள். சிறு நிறுவனங்களுக்கான பிஎஸ்ஜி என்ற அரசு மானியம் அங்கீகரிக்கப்பட்ட மென்பொருள்களுக்குப் பாதிச் செலவு வரை கொடுக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பணம் கட்டும் முன் விண்ணப்பிக்க வேண்டும். முன்பணம் கொடுத்துவிட்டுப் போனால் கிடைக்காது.

கேள்வி: வாடிக்கையாளர் பட்டியலை இலவச சாட்ஜிபிடியில் ஒட்டி, யார் அடிக்கடி வாங்குகிறார்கள் என்று கேட்கலாமா?

அப்படியே ஒட்டாதீர்கள். பெயருக்குப் பதில் 001, 002 என்று எண் கொடுங்கள். தொலைபேசி, முகவரி இருக்கும் செங்குத்து வரிசைகளை (நிரல்களை) நீக்குங்கள். பலர் மறப்பது "குறிப்பு" நிரல். வீட்டு எண், கதவுக் கடவுச்சொல், பிள்ளையின் கடலை ஒவ்வாமை எல்லாம் அதில்தான் கிடக்கும். அடையாள அட்டை எண் இருந்தால், அது ஏன் உங்களிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சட்டப்படி தேவைப்படும் இடங்கள் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, 2019 செப்டம்பர் 1 முதல் அதை வாங்கிவைக்கக் கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 10 லட்சம் வெள்ளி வரை போகலாம். பெரிய நிறுவனங்களுக்கு அதற்கும் மேல்.

கேள்வி: வயது 47. உட்லண்ட்ஸில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் இன்வாய்ஸ் பதிவு செய்கிறேன். அடுத்த மாதம் ஏஐ மென்பொருள் வருகிறது. என் வேலை என்னாகும்?

தட்டச்சு செய்யும் பகுதி போய்விடும். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. சரிபார்க்கும் பகுதி மிஞ்சும். அதை இப்போதே கையில் எடுங்கள்.

பொருள் சேவை வரி 9 விழுக்காடு. வரி சேர்த்து 218 வெள்ளி என்ற பில்லில் வரி 18 வெள்ளி. மொத்தத்தின் மேல் 9 விழுக்காடு போட்டால் 19.62 வரும், மென்பொருள் இப்படியும் போடும். சப்ளையர் நமக்குக் கழித்துக்கொடுக்கும் தொகையைக் காட்டும் கிரெடிட் நோட்டை பில்லாகப் படிக்கும். ஏப்ரல் 3 என்று பொருள்படும் 03/04 என்பதை மார்ச் 4 ஆக்கும். ஒரே பில் மின்னஞ்சலிலும் ஸ்கேனிலும் வந்து, எண்ணுக்கு நடுவில் ஒரு கோடு மட்டும் வேறுபட்டால் இரண்டு தடவை பணம் போகும். மிக ஆபத்தானது, சப்ளையரின் வங்கிக் கணக்கு எண் மாறியிருக்கும் பில். மோசடிக்காரர்கள் வரும் வழி அது. பில்லில் இருக்கும் எண்ணை நம்பாமல், உங்கள் பழைய கோப்பில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.

முதல் மாதம் ஒவ்வொரு பத்தாவது பில்லையும் கையால் சரிபார்த்து, சப்ளையர், தவறிய இடம், காரணம் மூன்றையும் எழுதிவாருங்கள். கையெழுத்து பில், மை மங்கிய ரசீது என்று சில சப்ளையர்களிடமே தவறுகள் குவிவது தெரியும். அந்தத் தாளோடு மேலாளரைப் பாருங்கள்.

நீங்கள் குடிமகன் என்றால், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே முதல் தரப்படும் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் (அரசின் திறன் பயிற்சித் திட்டம்) தொகை உங்கள் கணக்கில் இருக்கும். குறிப்பிட்ட பயிற்சிகளுக்கு மட்டுமே செல்லும், காலாவதி கிடையாது. அவசரப்பட்டு ஏஐ அறிமுக வகுப்புக்குச் செலவழிக்காதீர்கள். இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு வித்தியாசத்தைக் காட்டும் எக்செல் பவர் குவெரியும் உள்தணிக்கையும் சொல்லித்தரும் வகுப்பாகத் தேடுங்கள். சேரும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, அதில் கையால் செய்யும் பயிற்சி எத்தனை மணி நேரம் என்று பாருங்கள்.