எக்ஸ்பி கணினியில் புது சர்வரின் ஷேர் திறக்கவில்லை: பதில்

விண்டோஸ் சர்வர் 2008-இலிருந்து 2019-க்கு மாறிய பிறகு, எக்ஸ்பி கணினியில் ஷேர் (நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர்) திறக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். தடை சர்வர் பக்கம். ஃபோல்டரைப் பகிரும் எஸ்எம்பி என்ற நெட்வொர்க் முறையில், எக்ஸ்பிக்குப் பழைய எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். நீங்கள் மாறியிருக்கும் விண்டோஸ் சர்வர் 2019-ஐப் புதிதாக நிறுவினால் எஸ்எம்பி 1 கூடவே வராது. 2008 சர்வரோடு ஓடிய பில்லிங் மென்பொருள் இப்போது டேட்டா ஃபோல்டரைக் காணோம் என்பது அதனால்தான். மென்பொருளை மறுபடி நிறுவிப் பயனில்லை.

முதலில் எக்ஸ்பியின் கமாண்ட் விண்டோவில் டெல்நெட், சர்வர் ஐபி, 445 என்று வரிசையாக அடியுங்கள். திரை வெறுமையாக நின்றால், ஷேருக்கான 445 என்ற போர்ட் (நெட்வொர்க் வாசல்) திறந்திருக்கிறது. கேபிளையும் ஃபயர்வாலையும் நோண்ட வேண்டாம். அதே ஷேர் விண்டோஸ் 10-இல் திறக்கிறது என்றால், தடை எஸ்எம்பி 1-தான் என்பதில் சந்தேகமே இல்லை.

1. சர்வர் மேனேஜரில் 'ஆட் ரோல்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' போய், எஸ்எம்பி 1.0-க்குக் கீழே உள்ள சர்வர் பகுதியை மட்டும் டிக் செய்யுங்கள். கிளையன்ட் பகுதி தேவையில்லை. பிறகு ரீஸ்டார்ட்.

2. ஷேர் தெரிந்தும் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால், சர்வர் பாலிசி பழைய என்டிஎல்எம்-ஐ (பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறை) மறுக்கிறது. எக்ஸ்பியின் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் லேன் மேனேஜர் அங்கீகார அளவை அதன் புதிய வடிவமான என்டிஎல்எம்வி2 மட்டும் என்று வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: 2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது இந்த எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான். மெயின் சர்வரில் இதைத் திறப்பது நல்லதல்ல. அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் தனியாக ஒரு சாம்பா (லினக்ஸில் ஃபோல்டர் பகிரும் மென்பொருள்) பெட்டி வைத்து, எக்ஸ்பியின் ஐபிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். சாம்பா 4.11 முதல் அங்கேயும் எஸ்எம்பி 1 அடைத்தே வரும். குறைந்தபட்ச புரோட்டோகாலை என்டி1 (எஸ்எம்பி 1-க்கு சாம்பாவில் உள்ள பெயர்) என்று இறக்க வேண்டும்.