பொங்கல் லீவில் தஞ்சாவூர், அலங்காநல்லூர், கொடைக்கானல்: மூன்றும் முடியுமா?

கேள்வி: சென்னையில் இருக்கிறோம். எனக்கு 46 வயது. கணவர், 13 வயது மகன், 9 வயது மகள், முழங்கால் வலியுள்ள 71 வயது மாமியார் என ஐந்து பேர். பொங்கலுக்குப் போகி முதல் ஐந்து நாள் லீவு கிடைக்கும். பெரிய கோயில் நந்தி அலங்காரம், ஜல்லிக்கட்டு, முடிந்தால் கொடைக்கானல் எல்லாம் பார்க்க ஆசை. காரில் போகலாமா, ரயிலா? டிக்கெட் எப்போது எடுப்பது?

பதில்: முதலில் கொடைக்கானலை விட்டுவிடுங்கள். 2024 மே மாதத்திலிருந்து அங்கே போக இ-பாஸ் வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, அதை ஆன்லைனில் எடுத்துவிடலாம். காணும் பொங்கலை ஒட்டிய நாட்களில் மலைப்பாதையில் வண்டி நகராது. ஜனவரி ராத்திரிக் குளிர் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. கொடைக்கானல் எங்கும் போய்விடாது, இன்னொரு சமயம் பார்த்துக்கொள்ளலாம்.

மற்ற இரண்டும் நாள் குறித்து நடப்பவை, நம் வசதிக்கு மாறாது. அதனால் டிக்கெட்டுக்கு முன்னால் நாட்களை எழுதி வையுங்கள். அவனியாபுரம் ஜல்லிக்கட்டு தை 1, பாலமேடு தை 2, அலங்காநல்லூர் தை 3. தஞ்சை நந்திக்குக் காய்கனி அலங்காரமும் பசுக்களுக்குக் கோபூஜையும் மாட்டுப் பொங்கலான தை 2 அன்று. ஆக பாலமேடும் நந்தியும் ஒரே நாளில் மோதுகின்றன. தை 2 காலை தஞ்சாவூர், அன்று மாலைக்குள் மதுரை, தை 3 அலங்காநல்லூர். உங்களுக்கு இந்த வரிசைதான் சரிவரும்.

கார் வேண்டாம். பொங்கலுக்கு முந்தைய மாலைகளில் பெருங்களத்தூரிலிருந்து பரனூர் சுங்கச்சாவடி தாண்டுவதற்குள் பிள்ளைகள் தூங்கி எழுந்துவிடுவார்கள். காரில்தான் போவேன் என்று உங்கள் கணவர் பிடிவாதமாக இருந்தால் ஓஎம்ஆர் பிடித்து கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டில் போய்ச் சேரட்டும். போலீசாரும் வருடா வருடம் இதைத்தான் சொல்கிறார்கள்.

ரயில் முன்பதிவு, 2024 நவம்பர் 1 முதல், பயண நாளை விட்டு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. முன்பு இருந்த 120 நாள் கணக்கை மறந்துவிடுங்கள். பொங்கல் ஜனவரி 14 என்று வைத்துக்கொண்டால், நீங்கள் ஏற வேண்டியது போகிக்கு முந்தைய இரவு, அதாவது 12ஆம் தேதி. அதற்கு நவம்பர் 13 காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். தை 3 இரவு, 16ஆம் தேதி, திரும்புவதற்கு நவம்பர் 17. பொங்கல் 15ஆம் தேதி வந்தால் எல்லாவற்றையும் ஒரு நாள் தள்ளிக்கொள்ளுங்கள். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை முன்கூட்டியே இணைத்து வையுங்கள். காலை எட்டு மணிக்கு ஓடிபி வரவில்லை என்று புலம்பிப் பயனில்லை.

எந்த ரயில் என்பதும் முக்கியம். புறப்படும் ஊரிலிருந்து பயணம் செய்பவர்களுக்குத்தான் ஒதுக்கீடு அதிகம். போகும்போது எழும்பூர்–தஞ்சாவூர் உழவன் எக்ஸ்பிரஸ், திரும்பும்போது மதுரையிலேயே கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸ். தெற்கே நாகர்கோவில், நெல்லையிலிருந்து வரும் ரயில்களில் மதுரைக்குக் கிடைப்பது ஒரு பங்குதான், அதில் வெயிட்டிங் லிஸ்ட் நகர்வதும் மெதுவாக இருக்கும்.

ஐந்து பேருக்கும் ஒரே டிக்கெட் போடாதீர்கள். கீழ்ப் படுக்கைக்கான தனி ஒதுக்கீடு 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் உண்டு. ஆனால் டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்து, இருவருமே அந்த வயதுக்காரர்களாக இருந்தால்தான் அது பொருந்தும். ஐந்து பேரில் ஒருவராக மாமியாரைச் சேர்த்தால் அந்த ஒதுக்கீடே கிடைக்காது. நீங்களும் அவரும் ஒரு டிக்கெட், கணவரும் பிள்ளைகளும் இன்னொன்று. பெட்டி மாறினாலும் பரவாயில்லை, கீழ்ப் படுக்கை முக்கியம்.

தஞ்சாவூரில் போகியன்று ஓய்வெடுத்துவிட்டு மாலையில் தாராசுரம் போய் வாருங்கள். தை 1 அன்று பானை வைக்க மாமியார் ஆசைப்படுவார். லாட்ஜ் அறையில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். அறை பேசும்போதே முற்றம் உள்ள வீட்டுத் தங்கலாகக் கேளுங்கள். அன்று சின்ன மெஸ்களில் ஆட்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், சாப்பாட்டையும் தங்கும் வீட்டுக்காரர்களிடமே சொல்லிவிடுவது நல்லது. தை 2 திருவள்ளுவர் தினம், கறிக்கடை இருக்காது.

நந்தி பார்க்க மாமியார் பெரிய பிராகாரத்தைச் சுற்ற வேண்டியதில்லை. கேரளாந்தகன் வாயில், ராஜராஜன் வாயில் இரண்டையும் தாண்டியதும் எதிரில் நந்தி மண்டபம்தான். அலங்காரத்தில் கத்தரி, கேரட், பூசணி, பழம், இனிப்பு என்று எது எங்கே தொங்குகிறது என்று உங்கள் மகள் எண்ணிக்கொண்டே நிற்பாள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் கல்தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது.

மதுரைக்கு டிரைவரோடு கார் பேசிக்கொள்ளுங்கள். டிரைவர்களுக்கும் அது பண்டிகை நாள். டிசம்பரிலேயே பேசி, பேட்டா எவ்வளவு என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். புதுக்கோட்டை வழியாகப் போனால் திருமயம் கோட்டையை எட்டிப் பார்க்கலாம்.

அப்புறம் அலங்காநல்லூர். வெளிப்படையாகச் சொல்கிறேன்: மாமியாரும் மகளும் வரவேண்டாம். விடியும் முன்பே கேலரி நிரம்பிவிடும். வண்டியைத் தொலைவில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். பிந்திப் போனால் தடுப்புக்குப் பின்னால் முன்னால் நிற்பவர் தலைதான் தெரியும். வாடிவாசலிலிருந்து முதலில் கோயில் காளைகள் வரும், அவற்றை யாரும் பிடிக்க மாட்டார்கள். அதன்பின் ஒவ்வொரு காளையும் களத்தில் இருப்பது சில நொடிகள். திமிலை மட்டும்தான் பிடிக்கலாம், வாலையோ கொம்பையோ பிடிக்கக் கூடாது என்ற விதி தெரிந்தால் உங்கள் மகனுக்குச் சுவாரசியம் கூடும். அப்பாவும் மகனும் நாலரை மணிக்கே கிளம்பட்டும். நீங்கள் மூவரும் நிதானமாக எழுந்து திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகலாம். டிவியில் நேரலை பார்த்தால் களத்தில் இருப்பவர்களைவிட நன்றாகவே தெரியும்.

கூட்டம் குறைவாக இருக்கும் என்று நம்பி சிவகங்கை மாவட்டத்துச் சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு மட்டும் போய்விடாதீர்கள். அதுவும் தை 3 அன்றுதான். அங்கே வாடிவாசல் வழியாக வராத கட்டுமாடுகளையும் வயல்வெளியில் அவிழ்த்துவிடுவார்கள். உங்களுக்கும் மாட்டுக்கும் நடுவில் தடுப்பு எதுவும் இருக்காது. ஜல்லிக்கட்டு பொங்கலோடு முடிவதுமில்லை. புதுக்கோட்டை, திருச்சி, சிவகங்கை, திண்டுக்கல் பக்கம் மே வரை நடக்கும். மகன் ஆசைப்பட்டால் இன்னொரு சனி ஞாயிறு கூட்டிப்போகலாம்.

தை 3 இரவு ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் திரும்பும் டிக்கெட்டை மறுநாள் இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற கிழமைகளில் அன்றிரவே ஏறிவிடுங்கள், ஐந்தாம் நாள் வீட்டில் துணி துவைக்கவாவது ஆகும்.