மக்கள் தொடர்பு மாநாட்டுக்குப் போய்வந்த மாணவியின் கேள்விகள்

சென்னையில் நடந்த மக்கள் தொடர்பு மாநாடு ஒன்றில் கலந்துகொண்ட மதுரைக் கல்லூரி மாணவி ஒருவர், அங்கே தமக்கு எழுந்த ஐயங்களை நீண்ட கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறார். அத்துறைக்குச் செல்ல விரும்பும் பிற வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, நான் இதழியலும் மக்கள் தொடர்பியலும் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாநாட்டில் பேசியவர்களில் மூன்று பேர் 1982-ஆம் ஆண்டின் டைலனால் என்ற வலிநிவாரணி மாத்திரை விவகாரத்தையே எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். நெருக்கடி வந்ததும் தயங்காமல் பேசியதால்தான் அந்த நிறுவனம் பிழைத்தது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இதை அப்படியே பாடமாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: பாதியை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் டைலனால் காப்ஸ்யூல் விழுங்கிய ஏழு பேர் இறந்துபோனார்கள். காப்ஸ்யூல்களுக்குள் யாரோ சயனைடை நிரப்பி வைத்திருந்தார்கள். ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் மருந்தை உட்கொள்ள வேண்டாம் என்று ஊடகங்கள் வழியே எச்சரித்தது உண்மைதான். ஆனால் அதே வேகத்தில் நாடு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. அவற்றின் மதிப்பு 10 கோடி டாலருக்கும் மேல். சில வாரங்கள் கழித்து, முன்பே யாராவது திறந்திருந்தால் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்படி மூன்று அடுக்காக முத்திரையிடப்பட்ட புட்டியில் அந்த மருந்து மீண்டும் கடைக்கு வந்தது. நிறுவனத்தின் பேச்சை மக்கள் நம்பினார்கள் என்றால், பேசியதற்கு ஏற்ற காரியம் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது என்பதே அதற்குக் காரணம்.

மேடையில் பெரும்பாலும் சொல்லாமல் விடப்படும் இரண்டு செய்திகளையும் உங்கள் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்து தொழிற்சாலையை விட்டு வெளியேறிய பிறகே நஞ்சு கலக்கப்பட்டது என்பதுதான் விசாரணையில் தெரிந்தது. ஆகவே அந்த நிறுவனம் தானும் பாதிக்கப்பட்ட தரப்பாக மக்கள் முன் நிற்க முடிந்தது. தவறு தன் ஆலைக்குள்ளேயே நடந்திருக்கும்போது இந்த எடுத்துக்காட்டு அவ்வளவு எளிதில் பொருந்தாது. அதற்குச் சான்றும் அதே நிறுவனத்தின் வரலாற்றில் இருக்கிறது. அதன் துணை நிறுவனமான மெக்நீல், 2010-இல் குழந்தைகளுக்கான டைலனால் உள்ளிட்ட திரவ மருந்துகளைத் தரக் குறைபாட்டின் காரணமாகத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில், மற்றொரு மருந்தைப் பகிரங்கமாக அறிவிக்காமல், ஒப்பந்த ஆட்களைச் சாதாரண வாடிக்கையாளர்களைப் போலக் கடைகளுக்கு அனுப்பி வாங்கிவரச் செய்த விவரமும் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் அம்பலமானது. 1982-இன் பெருமை 2010-இல் அவர்களைக் காப்பாற்றவில்லை.

நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றையும் படித்துப் பாருங்கள். 2003 அக்டோபரில் மும்பையில் கேட்பரி டெய்ரி மில்க் சாக்லேட்டில் புழு இருப்பதாகப் புகார் எழுந்தபோது, கடைக்காரர்கள் சரியாகச் சேமித்து வைக்காததே காரணம் என்றுதான் நிறுவனம் முதலில் சொன்னது. அப்படியானால் கடையில் வைத்தும் கெடாதபடி உறை ஏன் அமையவில்லை என்று மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகத் துறை திருப்பிக் கேட்டது. கடைக்காரர்தான் அந்த நிறுவனத்தின் சரக்கை நாள்தோறும் மக்களிடம் நீட்டுபவர். அவர்மீதே பழியைப் போட்டுவிட்டு மக்களிடம் நம்பிக்கையை எப்படிக் கேட்பது? 2004 தொடக்கத்தில் வெப்பத்தால் ஒட்டப்பட்ட அலுமினியத் தாள் உறை வந்த பிறகுதான் அமிதாப் பச்சன் தோன்றிய விளம்பரம் எடுபட்டது. மாநாடுகளில் அந்த விளம்பரத்தைத் திரையிட்டுக் காட்டுவார்கள். உறையைப் பற்றி நீங்கள்தான் எழுந்து கேட்க வேண்டும்.

கேள்வி: மக்கள் தொடர்புத் துறையின் தந்தை என்று அமெரிக்கரான ஐவி லீயை ஒரு பேச்சாளர் புகழ்ந்தார். அருகில் அமர்ந்திருந்த பத்திரிகையாளர் ஒருவர் மெல்லச் சிரித்தார். எனக்குக் காரணம் புரியவில்லை. உண்மையை அழகாக மறைப்பதுதான் இந்தத் தொழிலா?

பதில்: அந்தப் பத்திரிகையாளர் வரலாறு படித்தவர் போலிருக்கிறது. லீ 1906-இல் நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காகப் பணியாற்றியபோது, தாம் நடத்துவது இரகசியச் செய்தி அலுவலகம் அல்ல என்றும், தம் வேலை அனைத்தும் வெளிப்படையாகவே நடக்கும் என்றும் பத்திரிகை ஆசிரியர்களுக்கு எழுதிய அறிவிப்பு இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, விபத்தை மூடிமறைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், அவர் நிறுவனத்தின் பெயரிலேயே செய்திக்குறிப்பு வெளியிட்டார். இதுவரைக்கும் புகழ்ச்சி நியாயமானதுதான்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1914 ஏப்ரலில், கொலராடோ மாநிலத்தின் லட்லோவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடார முகாம் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டது. கூடாரத்துக்கு அடியில் தோண்டிய குழியில் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சுத்திணறி இறந்தார்கள். சுரங்க நிறுவனம் ராக்பெல்லர் குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. அதன் பிறகு அக்குடும்பத்துக்காகப் பணியமர்த்தப்பட்ட லீ, நிறுவனத் தரப்பை விளக்கும் துண்டறிக்கைகளைத் தொடர்ந்து வெளியிட்டார். அவற்றுள் ஒன்று, தொழிற்சங்கத் தலைவர்கள் ஓராண்டில் பெற்ற ஊதியத்தை ஒன்பது வாரத்தில் பெற்றதாகச் சொன்னது. சுரங்க முதலாளிகள் கொடுத்த தகவல்கள் சரிதானா என்று பார்க்க என்ன முயற்சி எடுத்தீர்கள் என்று அரசு விசாரணை ஆணையம் கேட்டபோது, எதுவும் எடுக்கவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார்.

உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. லீ பொய்யைத் திட்டமிட்டு இட்டுக்கட்டினாரா என்று வாதிட வேண்டியதே இல்லை. மேலிடம் கொடுத்த தாளைச் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பினார், அவ்வளவுதான். இந்தத் தொழிலில் பெரும்பாலான தீங்கு இப்படித்தான் நேர்கிறது. நாளை உங்கள் மேலாளர் ஒரு எண்ணைக் கொடுத்துச் செய்திக்குறிப்பில் சேர்க்கச் சொன்னால், அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது, யார் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். முதல் வேலையிலேயே இப்படிக் கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். 1968 ஏப்ரல் 21 அன்று டெல்லியில் நடந்த முதல் அகில இந்திய மக்கள் தொடர்பு மாநாட்டில்தான் நம் நாட்டுத் துறையினர் தொழில் நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டார்கள்; அந்த நாளே இன்று தேசிய மக்கள் தொடர்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. நீங்கள் போன மாநாட்டில் நெறிமுறைக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: ஒரு நிறுவனத்தார் தங்களைப் பற்றி வந்த செய்திகளின் நறுக்குகளைத் திரையில் காட்டி, அதே இடத்தில் விளம்பரம் கொடுத்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டு, அத்தனை லட்சம் மதிப்புள்ள விளம்பரம் இலவசமாகக் கிடைத்தது என்றார்கள். எங்கள் பேராசிரியர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. யார் சரி?

பதில்: உங்கள் பேராசிரியர்தான் சரி. 2010-இல் பார்சிலோனாவில் பல நாட்டுத் துறையினர் கூடி வகுத்த அளவீட்டுக் கொள்கைகள், விளம்பரக் கட்டணத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பு மக்கள் தொடர்பின் மதிப்பாகாது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. டெங்கு பற்றி ஒரு மருத்துவமனை அனுப்பிய குறிப்பு பத்து நாளிதழ்களில் வந்திருக்கலாம். தெருவில் எத்தனை வீடுகளில் தண்ணீர்த் தொட்டியை மூடினார்கள், காய்ச்சல் கண்டவர்கள் முன்பைவிட விரைவில் மருத்துவரிடம் வந்தார்களா என்பதுதான் பார்க்க வேண்டியது. அதை அறியக் களத்துக்குப் போக வேண்டும், செலவாகும். நறுக்குகளை அளக்க ஓர் அளவுகோல் போதும். அதனால்தான் அந்தப் பழக்கம் இன்னும் ஒழியவில்லை.

கேள்வி: இரண்டு நாளும் மாநாடு முழுக்க ஆங்கிலத்திலேயே நடந்தது. நான் தமிழ் வழியில் படித்தவள். மற்ற மாணவர்கள் எழுந்து கேள்வி கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. இந்தத் துறையில் எனக்கு இடம் உண்டா?

பதில்: ஆங்கிலம் வேண்டாம் என்று உங்களுக்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் நிறுவனங்களின் அறிக்கைகளும் கூட்டங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளவும் தயங்காமல் நாலு வார்த்தை பேசவும் பழகித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த அரங்கத்தில் யாரும் பேசாத ஒரு குறையை உங்களால் தீர்க்க முடியும்.

மாவட்டப் பதிப்பு ஒன்றின் செய்திப் பிரிவில் மாலை ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். பக்கம் முடியும் நேரத்தில் பெருநகர மக்கள் தொடர்பு முகமை ஒன்றிலிருந்து செய்திக்குறிப்பு வந்து விழும். ஆங்கில மூலத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றிய தமிழாக இருக்கும். முதல் பத்தி முழுவதும், இதை அறிவிப்பதில் நிறுவனம் எவ்வளவு பெருமகிழ்ச்சி அடைகிறது என்பதே இருக்கும். இரண்டாம் பத்தியில் தலைமை அதிகாரியின் பதவிப் பெயர் மூன்று வரிக்கு நீளும். முகாம் எந்த ஊரில், எந்த மண்டபத்தில், எத்தனை மணிக்கு என்ற விவரம் கடைசி வரியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. சில வேளைகளில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு, திறந்ததும் வெறும் குறிகளாகக் காட்சி தரும். கூடவே வரும் படத்தில் ஏழு பேர் நிற்பார்கள். இடமிருந்து வலமாக யார் யார் என்று ஒரு வரி இருக்காது. உதவி ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தால் எடுப்பவருக்குத் தமிழ் தெரியாது. குறிப்பு குப்பைக்குப் போகும். மறுநாள், தமிழ்ப் பத்திரிகைகள் எங்களுக்கு ஆதரவு தருவதில்லை என்று நிறுவனம் வருந்தும்.

இந்த இடத்தில் நிற்க ஆள் இல்லை. நல்ல தமிழில், யூனிகோடில், முதல் இரண்டு வரிக்குள் செய்தியைச் சொல்லி, படத்துக்கு விளக்கம் எழுதி, பிற்பகல் மூன்று மணிக்குள் அனுப்பிவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு அழைத்தாலும் எடுத்துப் பதில் சொல்பவரை எந்தச் செய்தி ஆசிரியரும் மறக்க மாட்டார். இப்போதே உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கோ அரசு மருத்துவமனையின் இரத்ததான முகாமுக்கோ செய்திக்குறிப்பு எழுதிக் கொடுங்கள். அச்சில் வந்ததையும் நீங்கள் அனுப்பியதையும் அருகருகே வைத்து, எதை வெட்டினார்கள், தலைப்பை எப்படி மாற்றினார்கள் என்று பாருங்கள். இதை மாநாட்டில் யாரும் கற்றுத்தர மாட்டார்கள்.

கேள்வி: தேநீர் இடைவேளையில் நிறைய விசிட்டிங் கார்டுகள் வாங்கி வந்தேன். பயிற்சி வேலை கேட்டு எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பலாமா?

பதில்: எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். யாருடைய முகமும் பேச்சும் நினைவில் இருக்கிறதோ அவர்களுடைய கார்டுகளை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் என்ன பேசினீர்கள் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். அவர் பேச்சில் உங்களுக்கு ஐயம் எழுப்பிய ஏதேனும் ஒன்றைக் குறிப்பிட்டு, நாலு வரியில் ஒரு கேள்வி கேட்டு எழுதுங்கள்; கேட்பரி உறையைப் பற்றிய கேள்வியே நல்ல தொடக்கம்தான். பதில் எழுதுபவரிடம் அடுத்த கடிதத்தில் பயிற்சி வாய்ப்பைக் கேட்கலாம். அப்போது நீங்கள் எழுதி அச்சில் வந்த செய்திக்குறிப்பு ஒன்றை மூலத்தோடு சேர்த்து இணைத்து அனுப்புங்கள்.