கூரையை மாற்றும் முன் அட்டிக்கில் ஏறிப் பாருங்கள்

கேள்வி: ஃபுளோரிடாவில் டாம்பா பக்கம் 1996இல் கட்டிய வீடு எங்களுடையது. ஷிங்கிள் (தார் பூசிய மெல்லிய ஓடு) கூரை போட்டு 16 வருடம் ஆகிறது. கூரை பழசு, அதனால் பாலிசியைப் புதுப்பிக்க முடியாது என்று காப்பீட்டு நிறுவனம் கடிதம் அனுப்பியிருக்கிறது. பிரீமியமும் கட்டி மாளவில்லை. கடன் வாங்கியாவது கூரையை மாற்றிவிடலாமா சார்?

பதில்: கொஞ்சம் பொறுங்கள், கடன் இப்போது வேண்டாம். உங்களுக்கு வேண்டியது இரண்டு சோதனைகள். இரண்டையும் பலர் ஒன்றென நினைத்துவிடுகிறார்கள்.

முதலாவது கூரைச் சான்று. பாலிசி கைவிட்டுப் போகாமல் காப்பது இதுதான். ஃபுளோரிடாவின் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 வருடம் தாண்டிய கூரை இன்னும் 5 வருடமாவது தாங்கும் என்று தகுதியுள்ள ஆய்வாளர் எழுதிக் கொடுத்தால், வயதை மட்டும் காரணம் காட்டி உங்களை மறுக்க முடியாது. கூரை உண்மையிலேயே ஒழுகினால் அது வேறு கதை.

இரண்டாவது காற்றுத் தடுப்புச் சோதனை. புயல் காற்றை வீடு எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது இது. பிரீமியத்தில் தள்ளுபடி கிடைத்துப் பணம் மிச்சமாவது இதில்தான். 2002இல் மாநிலக் கட்டட விதி வருவதற்கு முன் கட்டிய உங்கள் வீடு போன்றவற்றுக்கு இது மிகவும் முக்கியம். ஆய்வாளர் கூரைக்கு அடியில் உள்ள பரணான அட்டிக்கில் ஏறி, கூரையின் மரச் சட்டகத்தைச் சுவரோடு பிடித்திருக்கும் உலோகப் பட்டையை டார்ச் அடித்துப் படமெடுப்பார். ஒவ்வொரு பட்டையிலும் மூன்று ஆணியாவது இருந்தால்தான் அது தள்ளுபடிக்கு உரிய 'கிளிப்' என்று கணக்கு. இரண்டே இருந்தால், பட்டையே இல்லாமல் வெறும் ஆணி அடித்த வீடாகவே எழுதிவிடுவார்கள். அந்தக் காலத்து வீடுகளில் இந்தக் குறை சகஜம். தச்சரை வைத்து ஒவ்வொன்றிலும் மூன்றாவது ஆணியை அடிக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் சோதனைக்குக் கூப்பிடுங்கள். புதுக் கூரை போடுவதோடு ஒப்பிட்டால் இது சில்லறைச் செலவு.

ஜன்னல்களுக்குப் புயலில் காக்கும் ஷட்டர் போடுவதென்றால் எல்லாவற்றுக்கும் போடுங்கள். ஒரு ஜன்னல் விட்டுப்போனாலும் முழுத் தள்ளுபடி கிடைக்காது.

தள்ளுபடி, பிரீமியத்தில் காற்றுச் சேதத்துக்கான பங்கில் மட்டும்தான். புதுப்பிப்புக் கடிதங்களோடு எந்த அம்சத்துக்கு எவ்வளவு குறையும் என்று ஒரு தாள் வரும். பழைய காகிதக் கட்டுகளில் தேடுங்கள், இல்லையென்றால் ஏஜென்ட்டிடம் கேளுங்கள். அதைப் பார்த்த பிறகே செலவை முடிவு செய்யுங்கள். வீட்டில் பெரிய மாற்றம் செய்யாதவரை ஆய்வாளர் நிரப்பித் தரும் காற்றுத் தடுப்புச் சோதனைப் படிவம் 5 வருடம் செல்லும். கூரை மாற்றும் நாள் வந்தால், ஷிங்கிளுக்கு அடியில் ஒட்டும் நீர்த்தடுப்புப் படலத்தையும் போடச் சொல்லி, மூடும் முன் படமெடுத்து, புதுப் படிவம் வாங்குங்கள்.