வெட்டிவேர் எத்தனை வரிசை?

கேள்வி: நீலகிரியில் கேத்தி பாலாடா அருகே சரிவில் ஒன்றரை ஏக்கர் கேரட். மழைக்குப் பின் தோட்டத்தின் மேல்பகுதியில் பிறை வடிவில், விரல் நுழையும் அளவுக்கு விரிசல். வெட்டிவேர் வைத்தால் மண் நிற்கும் என்கிறார் நாற்று விற்பவர். எத்தனை வரிசை வைக்கலாம்? (போன வருடம் மேலே குட்டை வெட்டினோம், கீழே வண்டி வர ஜேசிபி வைத்துக் கரையை வெட்டினோம்.)

பதில்: வெட்டிவேர் வையுங்கள். வரப்போரமாக, சரிவுக்குக் குறுக்கே, அரை அடிக்கு ஒரு நாற்று. மேல்மண் அரிப்பை அது பிடிக்கும். ஆனால் பிறை வடிவ விரிசல் அரிப்பு இல்லை. நிலமே நகரத் தொடங்கியிருக்கிறது. அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, கேள்வி அதில்தான் இருக்கிறது.

மழை ஓய்ந்த வெயில் நாளில், வெட்டிய கரையைத் தள்ளி நின்று பாருங்கள். மேலே செம்மண், கீழே சோப்பு மாதிரி வழுக்கும் வெளிறிய களி, அதற்கும் கீழே பாறை. நீலகிரியின் சார்னோகைட் பாறை மக்கி உண்டான போர்வைதான் உங்கள் தோட்டம். பல இடங்களில் அது வெட்டிவேர் எட்டாத ஆழம். களி வழுக்கினால் வேரும் சேர்ந்தே இறங்கும். பாறை வெடிப்புகள் பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்ந்திருந்தால் ஆபத்து அதிகம். மலைக்குள் சாய்ந்திருந்தாலும், களிக்கு மேல் நீர் கசிந்தால் நிம்மதி கிடையாது.

சரிவுக்கு மேல் குட்டையே கூடாது என்பது என் கட்சி. சமவெளியில் நீரைத் தேக்குபவர் புத்திசாலி. மலைச்சரிவில் நீரை வெளியேற்றுபவர்தான் பிழைப்பார். ஒரு கன மீட்டர் நீர் ஒரு டன். அந்தப் பாரத்தோடு கசிவும் களிக்குப் போகிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அப்படி ஒரு மழைக்கு உங்கள் குட்டை என்ன செய்யும்?

குட்டையைக் காலி செய்யுங்கள். விரிசலைக் களிமண்ணால் அடைத்து இடித்து, மேலே பிளாஸ்டிக் சீட் போடுங்கள். அதற்கு மேலே கல் பதித்த வாய்க்கால் எடுத்து, நீரைப் பாறை ஓடைக்குத் திருப்புங்கள். கீழ்க்கரையை இனித் தொடாதீர்கள். அடிவாரம்தான் மேலுள்ள மண்ணைத் தாங்குகிறது. ஆட்சியர் அனுமதியில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாக வெட்டித் தருகிறேன் என்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். நாற்று விற்பவருக்கு நாற்று விற்க வேண்டும், அவ்வளவுதான். ஊட்டியிலுள்ள மண், நீர்வள ஆராய்ச்சி மையத்தில் ஒருமுறை கேளுங்கள்.

விரிசலின் இருபுறமும் முளையடித்து, மழைக்காலத்தில் தினமும் இடைவெளியை அளந்து வாருங்கள். இடைவெளி கூடினாலோ, ஊற்று திடீரெனக் கலங்கினாலோ கேரட்டை விட்டுவிட்டு, கீழே இருக்கும் வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். அப்புறம் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லுங்கள்.